கிண்ணத்தில் 56 சீட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். மொத்தம் 14 பேர். இளையவருக்கு வயது 29, மூத்தவருக்கு 71. முதலில் அந்தாக்ஷரி விளையாடினோம். மூன்று பேர்தான் பாடினார்கள், மற்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்த மாதம் மாஃபியா, அதாவது ஊர்க்காரர்களுக்குள் ஒளிந்திருக்கும் கொலைகாரர்களைப் பேசிக் கண்டுபிடித்து, வாக்களித்து வெளியேற்றும் ஆட்டம். முதலில் வெளியேறிய இருவரும் போனை எடுத்துவிட்டார்கள், கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். கடையில் எதுவும் வாங்காமல், ஒரு ஹாலில் உட்கார்ந்தபடி எல்லோரும் விளையாட ஏதாவது சொல்வீர்களா? மாஃபியாவை விட்டுவிடலாமா? பரிசு வைத்தால் ஆர்வம் கூடுமா?

சு., கோவை

அன்புள்ள சு.,

அந்தாக்ஷரி, மாஃபியா இரண்டிலும் உங்களுக்கு நேர்ந்தது ஒரே கோளாறுதான். அந்தாக்ஷரியில் முந்திக்கொண்டு வாயைத் திறப்பவருக்கே முறை போய்விடும். கூச்ச சுபாவம் உள்ளவருக்குப் பாட்டு நாக்கு நுனியில் இருந்தாலும் பயனில்லை. மாஃபியாவில் எல்லோரும் கண்ணை மூடும் 'இரவில்' மாஃபியாக்காரர்கள் ஒருவரைச் சுட்டிக்காட்டிக் 'கொல்வார்கள்'; முதல் இரவே 'இறந்தவர்' ஆட்டம் முடியும்வரை சும்மா இருக்க வேண்டும். 14 பேர் இருந்தால் அது அரைமணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அதனால் பெரியவர்களுக்கு ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, ஒருவர் அதிகபட்சம் எத்தனை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிவரும் என்பதைத்தான். குழந்தைகளுக்குச் சலித்தால் எழுந்து ஓடிவிடுவார்கள். பெரியவர்கள் மரியாதைக்காக உட்கார்ந்தே இருப்பார்கள், கை மட்டும் போனுக்குப் போகும்.

உங்கள் கூட்டத்துக்குச் சீட்டுக் கிண்ணம் பொருந்தும். 'ஃபிஷ் பவுல்' என்ற பெயரில் சிலர் விளையாடியிருக்கக்கூடும். பேசாமல் நடித்தே சினிமாப் பெயரைக் கண்டுபிடிக்க வைக்கும் டம்ப் ஷரேட்ஸுக்கு நெருங்கிய உறவு, ஆனால் அதைவிட நியாயமான ஆட்டம்.

இரண்டு ஏ4 தாள் போதும். ஒரு தாளை ஐந்து முறை பாதி பாதியாக மடித்துக் கிழித்தால் 32 துண்டு வரும். ஆளுக்கு நான்கு என்றால் 56 சீட்டு, மீதி எட்டைத் திருத்தி எழுத வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பேனா கொடுங்கள். இரண்டே பேனா சுற்றிவந்தால் எழுதுவதற்கே இருபது நிமிடம் போய்விடும். வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணம் ஒன்று, நிமிடம் பார்க்க ஒரு போன்.

ஒவ்வொருவரும் நான்கு பெயர் எழுதிப் போட வேண்டும். ஆள், ஊர், பொருள், பலகாரம், தொழில் எதுவானாலும் சரி. கூடியிருப்பவர்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஔவையார், ஊட்டி ரயில், இட்லித் தட்டு, எல்ஐசி ஏஜென்ட், மருதமலை, வெங்காய பஜ்ஜி, இப்படி. 'நேர்மை', 'பொருளாதாரம்' மாதிரிச் சொற்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள், மூன்றாம் சுற்றில் அவற்றை நடித்துக்காட்ட முடியாது. கூடியிருப்பவர்களின் பெயரையும் எழுத வேண்டாம். ஒருவரை நடித்துக் காட்டச் சொன்னால் கை தானாக அவருடைய தொந்திக்கோ வழுக்கைக்கோதான் போகும். மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது. எழுத்து பெரிதாக இருக்கட்டும். கண்ணாடியைத் தேடுவதற்குள் பத்து விநாடி ஓடிவிடும்.

ஏழு ஏழு பேராக இரண்டு அணி. வட்டமாக, இந்த அணியில் ஒருவர், அந்த அணியில் ஒருவர் என்று மாறி மாறி உட்கார வையுங்கள். கிண்ணம் கைமாறிப் போகும் வரிசையே முறை, அதனால் 'நான் அப்புறம் வர்றேன்' என்று ஒதுங்க யாருக்கும் வழியில்லை. கணவன் மனைவியை வெவ்வேறு அணியில் போடுங்கள். ஒரே அணியில் இருந்தால் 'போன வருஷம் நாம போனோமே' என்ற ஒரு வாக்கியத்திலேயே விடை வந்துவிடும்.

ஆட்டம் மூன்று சுற்று. சீட்டுகள் மூன்றிலும் அதே 56 தான். முறை வந்தவர் ஒரு நிமிடத்தில் எத்தனை சீட்டை முடியுமோ அத்தனையைத் தன் அணிக்குப் புரியவைக்க வேண்டும், கண்டுபிடித்த சீட்டுக்கு ஒரு புள்ளி. முதல் சுற்றில் எத்தனை சொல் வேண்டுமானாலும் பேசலாம், சீட்டில் உள்ள சொல்லையோ அதன் பகுதியையோ மட்டும் சொல்லக் கூடாது. 'இ-ல ஆரம்பிக்கும்' என்பதும் எதுகையில் குறிப்பு கொடுப்பதும் ஆகாது. நம் வீடுகளில் சண்டை வருவது இங்கிலீஷில்தான்: ரயில் என்ற சீட்டுக்கு 'ட்ரெயின்' என்று சொல்லிவிட்டு 'அது வேற வார்த்தைதானே' என்பார்கள். மொழிபெயர்ப்பும் செல்லாது என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒரே ஒரு சொல். மூன்றாம் சுற்றில் பேச்சே கிடையாது, நடிப்பு மட்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சீட்டை வைத்துப் பார்க்கலாம். ஊட்டி ரயில் வருகிறது. முதல் சுற்றில் ஒருவர், 'மேட்டுப்பாளையத்துல கிளம்பும், கல்லாறு தாண்டினா பல்சக்கரம் வெச்சு மலை ஏறும்' என்கிறார். விடை வந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் அதே சீட்டு எதிரணிக்காரர் கையில் விழுகிறது. அவர் 'பல்சக்கரம்' என்ற ஒரு சொல்லைச் சொன்னாலே போதும். மூன்றாம் சுற்றில் தன் பல்லைத் தொட்டுக் காட்டினாலே மூன்று பேர் கத்துவார்கள். ரயிலுக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று வெளியிலிருந்து அப்போதுதான் உள்ளே வருபவருக்குப் புரியாது. கூடத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் புரியும். டம்ப் ஷரேட்ஸில் சினிமாப் பெயர் தெரியாத 71 வயதுக்காரர் தோற்றுப்போவார். இங்கே முதல் சுற்றிலேயே எல்லாம் எல்லோர் காதிலும் விழுந்துவிடுவதால், கவனித்துக் கேட்டவர் யாரோ அவரே ஜெயிப்பார். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்குக் காரணமே அதுதான்.

அதனால் மூன்று சுற்றையும் முதலிலேயே விளக்கிவிடுங்கள். இந்த ஆட்டம் பெரும்பாலும் கெடுவது இதைச் சொல்லாமல் விடுவதால்தான். எதிரணி ஆடும்போது நமக்கென்ன என்று அரட்டை அடித்தவர்கள் இரண்டாம் சுற்றில் திருதிருவென விழிப்பார்கள்.

இன்னும் சில இடங்களில் கவனம் வேண்டும். முதல் சுற்றில் ஒரு முறைக்கு ஒரு சீட்டைத் தாண்டிப் போகலாம். அதைக் கையிலேயே வைத்திருந்து நிமிடம் முடிந்ததும் கிண்ணத்தில் போட வேண்டும், உடனே போட்டால் அதுவே திரும்ப வந்து மாட்டும். விதி மீறினால் அந்தச் சீட்டுக்குப் புள்ளி இல்லை, மடித்து உள்ளே போக வேண்டியதுதான். நேரம் பார்ப்பவர் எப்போதும் எதிரணிக்காரராக இருக்கட்டும். ஒருவருடைய நிமிடம் முடிவதற்குள் கிண்ணம் காலியானால் கடிகாரத்தை நிறுத்தி, புள்ளியை எண்ணி, 56 சீட்டையும் மறுபடி மடித்துப் போடுங்கள். அவர் மீதி விநாடிகளோடு அடுத்த சுற்றைத் தொடங்கலாம். இரண்டாம் சுற்றில் ஒரு சொல் சொல்லும்போதே கையும் ஆடும், நம் ஆட்களுக்குக் கையில்லாமல் பேச வராது. கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றாம் சுற்றில் அறையில் இருக்கும் பொருளைச் சுட்டிக்காட்டக் கூடாது. முட்டி வலி உள்ளவர் நாற்காலியில் இருந்தபடியே நடிக்கலாம், எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவர் வராமல் 13 ஆகிவிட்டால், ஆள் குறைந்த அணியில் ஒருவர் இரண்டு முறை ஆடட்டும். எழுதுவது உட்பட முழு ஆட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மாஃபியாவை விட வேண்டாம். 1980களில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்த திமித்ரி தவிதோவ் உருவாக்கிய அருமையான ஆட்டம் அது. 14 பேரில் ஒருவர் நடத்துநர், மூவர் மாஃபியா, இரவில் ஒருவரைக் காப்பாற்றும் ஒரு டாக்டர், ஒருவர் மாஃபியாவா என்று நடத்துநரிடம் கேட்டறியும் ஒரு போலீஸ், மீதி எட்டுப் பேர் ஊர்க்காரர்கள். சீட்டுக்கட்டில் மூன்று ராஜா, ஒரு ஏஸ், ஒரு ராணி, எட்டு சின்ன எண்களை எடுத்துப் பங்கிட்டால் வேடம் முடிவாகிவிடும். பகல் விவாதத்துக்கு மூன்றே நிமிடம், மணி அடித்ததும் வாக்கு. இறந்தவர்கள் அடுத்த இரவிலிருந்து கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்க்கலாம், வாய் மட்டும் திறக்கக் கூடாது. யார் பொய் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டு பகல் விவாதத்தைப் பார்ப்பதில் தனி ருசி உண்டு, போன் ஞாபகமே வராது.

இரவில் காட்டிக்கொடுப்பது சத்தம். மாஃபியா ஆளைச் சுட்டும்போது வளையல் குலுங்கும், பிளாஸ்டிக் நாற்காலி கிரீச்சிடும். கண்ணை மூடியிருக்கும் எல்லோரும் உள்ளங்கையால் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். நடத்துநர் மாஃபியா பக்கம் திரும்பிப் பேசினால் குரல் வரும் திசையே சொல்லிவிடும், அதனால் நடந்தபடி பேசட்டும். போலீஸ் இறந்த பிறகும் 'போலீஸ், கண்ணைத் திறங்க' என்று அழைத்து, வழக்கமான அதே இடைவெளி விட வேண்டும்.

மியூசிக்கல் சேர் வேண்டவே வேண்டாம். டைல்ஸ் தரையில் 71 வயதுக்காரர் ஓடக் கூடாது.

பரிசு பற்றி: சீட்டுக் கிண்ணத்துக்கும் மாஃபியாவுக்கும் வைக்காதீர்கள். பரிசு வந்ததும் ஒவ்வொரு சீட்டுக்கும் வழக்கு வரும். பரிசுக்கு ஏற்றது, ஒருவர் எண்களைக் கூப்பிட மற்றவர்கள் தங்கள் டிக்கெட்டில் அடித்துக்கொண்டே போகும் தம்போலா. சாப்பிட்டு முடித்துக் களைப்பாக இருக்கும்போது அதை வையுங்கள். டிக்கெட்டைக் கையாலேயே போடலாம். மூன்று வரிசை, ஒன்பது பத்தி. வரிசைக்கு ஐந்து எண், மொத்தம் 15. முதல் பத்தியில் 1 முதல் 9 வரை, அடுத்ததில் 10 முதல் 19 வரை, இப்படியே போய்க் கடைசிப் பத்தியில் 80 முதல் 90 வரை. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு எண்ணாவது இருக்க வேண்டும். ஆளுக்குப் பத்து ரூபாய் என்றால் 140 வரும். முதல் ஐந்து எண்ணுக்கு 20, மூன்று வரிசைக்கும் தலா 20, 15 எண்ணையும் அடித்து முடிக்கும் ஃபுல் ஹவுஸுக்கு 60 என்று பிரித்து, அந்தத் தொகைக்குச் சோப்போ பிஸ்கட்டோ வாங்கி வையுங்கள். அடுத்த எண்ணைக் கூப்பிடுவதற்குள் கேட்டால்தான் பரிசு என்பதை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.