வரவு இருக்கிறது, வீட்டுக் கடன் பாதிதான்!

கேள்வி: மாதச் சம்பளம் இல்லாமல், ஒப்பந்த அடிப்படையில் தனியாகத் தொழில் செய்கிறேன். வரவு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் கேட்ட வீட்டுக் கடனில் பாதிதான் தருவார்களாம். ஏன்?

பதில்: நீங்கள் பார்ப்பது வரவை, வங்கி பார்ப்பது வரிக் கணக்கில் செலவு போக மிஞ்சியதை. வரவு 100, செலவு 45 என்று காட்டியிருந்தால் உங்கள் வருமானம் 55தான். வரியைக் குறைக்க எழுதிய செலவெல்லாம் இங்கேதான் காலை வாரும். பெரும்பாலும் 2 ஆண்டுச் சராசரி எடுப்பார்கள்: 48, அடுத்த ஆண்டு 60 என்றால் 54. அதுவே 60லிருந்து 48க்கு இறங்கியிருந்தால் சராசரிக்குப் பதில் 48ஐயே பிடித்துக்கொள்வது வழக்கம்.

தேய்மானம், அதாவது கருவிகள் பழசாகி மதிப்புக் குறைவதற்காகக் கணக்கில் எழுதும் செலவு, கையை விட்டுப் போன பணமல்ல. அதை வருமானத்தோடு திரும்பக் கூட்டுவார்களா என்று கேளுங்கள். பலர் வாயே திறப்பதில்லை. வீட்டுச் செலவும் தொழில் பணமும் ஒரே கணக்கில் புரண்டால் எது வருமானம் என்று தெரியாமல் இழுத்தடிப்பார்கள். விண்ணப்பிக்க ஓராண்டு முன்பே பிரித்துவிடுங்கள். நடப்பு ஒப்பந்தத்தில் முடியும் தேதி நெருங்கிவிட்டதா? புதுப்பித்த பிறகு போங்கள். கடன் கையெழுத்தாகும்வரை தவணையில் வண்டி வாங்க வேண்டாம்.