போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா? ஆழப்படுத்தாதீர்கள்!

கேள்வி: சென்னை திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் எங்கள் அப்பார்ட்மென்ட். மொத்தம் 18 வீடுகள். 60 அடி போர் ஒன்று இருக்கிறது. பதினைந்து வருஷமாகக் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ நல்ல தண்ணீர் வந்தது. போன கோடையிலிருந்து உப்புக் கரிக்கிறது. டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டும் கருவி) முன்பு 700 காட்டும், இப்போது 2,300. போர் போடும் ஏஜென்ட் ஒருவர், "250 அடி இறக்கினால் பாறைத் தண்ணீர் கிடைக்கும், மூன்று லட்சம் ஆகும், அனுமதியெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். பாதிப் பேர் சரி என்கிறார்கள். ஆழப்படுத்தலாமா? – குடியிருப்போர் சங்கச் செயலாளர் (பெண்), திருவான்மியூர்.

பதில்: வேண்டாம். கூட்டத்தில் வேறு எதைப் பேச நேரமில்லாமல் போனாலும், இந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு அடியில் இருப்பது கடற்கரை மணல். பெய்கிற மழை அந்த மணலில் இறங்கித் தங்குகிறது. அதே மணலுக்குள் கடல் பக்கமிருந்து உப்பு நீரும் வந்து நிற்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அது கனம். மழைநீர் லேசு. அதனால் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் கீழேயும் நிற்கும். உங்கள் போரில் இத்தனை வருஷம் வந்தது, மேலே மிதக்கிற அந்த நல்ல தண்ணீர்தான்.

இதில் ஒரு கணக்கு உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த கணக்கு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மூன்றடி நின்றால் 120 அடி. இதைத் திருப்பிப் பாருங்கள். நீங்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து இறைத்து, மேல் மட்டம் ஒரே ஒரு அடி இறங்கிப்போனால், அடியில் இருக்கும் உப்பு நீர் 40 அடி மேலே ஏறப் பார்க்கும். ஒரே நாளில் ஏறாது, மாதக்கணக்கில் மெதுவாக ஏறும். ஆகவே, கரிக்கிற தண்ணீருக்கு மருந்தாக 250 அடிக்குப் போவது கடலை நோக்கிப் போவதுதான்.

பாறை விரிசலில் நல்ல தண்ணீர் கிடைத்த கட்டடம் ஒன்றை அந்த ஏஜென்ட் காட்டுவார். எங்கேயாவது கிடைத்திருக்கும். அதை நம்பி 18 குடும்பத்தின் பணத்தைப் போடாதீர்கள்.

போர் தொழிலில் கூலி அடிக்கணக்கு. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், இனித்தாலும் கரித்தாலும், இறங்கிய ஒவ்வொரு அடிக்கும் காசு. கேசிங் பைப்புக்குத் தனி, மோட்டாருக்குத் தனி, கேபிளுக்குத் தனி. ஏஜென்டுக்கு இதில் கமிஷன். அப்படியிருக்க, "60 அடியே போதும், மோட்டாரைச் சின்னதாக்குங்கள்" என்று அவர் எப்படிச் சொல்வார்? முப்பது வருஷமாக இந்தக் கரையோரத் தெருக்களில் நடக்கிறேன். ஆழம் வேண்டாம் என்று சொன்ன ஏஜென்ட் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இன்னொரு ஏமாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். போர் போட்டு முடித்த அன்று சாயங்காலம் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து எல்லோருக்கும் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். இனிப்பாக இருக்கும். எல்லோர் முகத்திலும் சந்தோஷம். பாக்கிப் பணம் அப்போதே கைமாறும். துளையிடும்போது குழிக்குள் லாரித் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். முதலில் மேலே வருவது அதுதான். நாலு நாள் ஓடிய பிறகு நிலத்தின் சொந்தத் தண்ணீர் வர ஆரம்பிக்கும். அப்போது ஏஜென்டின் போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார்.

"அனுமதி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்ற பேச்சுக்கும் மயங்காதீர்கள். சென்னைப் பெருநகரில் 1987-ஆம் வருஷத்து நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டப்படி, புதுக் கிணறு தோண்ட முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அனுமதித் தாளைச் சங்கத்தின் பெயரில் கையில் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் தாள் வராது, ராத்திரி பதினோரு மணிக்கு வண்டிதான் வரும். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஒரு சட்டம் போட்டு இத்தனை வருஷமாகியும், தெருவே அதிர்கிற சத்தத்தோடு ராத்திரி போர் வண்டி ஓடினால் கேட்க ஆள் இல்லை. ஒழுங்காக விண்ணப்பம் கொடுப்பவர் மட்டும் மேசை மேசையாக அலைய வேண்டியிருக்கிறது.

சரி, என்ன செய்வது? முதலில் உப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், உங்களிடம் இருக்கிற அந்தப் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டரே போதும். ஒரு ராத்திரி முழுக்க மோட்டாரை நிறுத்தி வையுங்கள். காலையில் மோட்டார் போட்டு, போர் தண்ணீர் சம்ப்பில் விழுகிற குழாயின் வாயிலேயே பிடியுங்கள். வீட்டுக் குழாயில் பிடித்தால் மேல்தொட்டித் தண்ணீர்தான் வரும், கணக்கு தப்பிவிடும். பைப்பில் நிற்கிற பழைய தண்ணீர் போக ஐந்து நிமிஷம் விட்டு ஒரு பாட்டில், அரை மணி கழித்து ஒரு பாட்டில், ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. மேலே மார்க்கரில் நேரத்தை எழுதி, நான்கையும் வரிசையாக வைத்து அளந்து பாருங்கள்.

முதல் பாட்டில் 1,200, கடைசிப் பாட்டில் 2,300 என்று ஏறிக்கொண்டே போனால், உங்கள் மோட்டார்தான் கீழேயிருக்கும் உப்பு நீரைக் கூம்பு மாதிரி மேலே இழுக்கிறது. இந்தப் பகுதியில் நான் பார்க்கிற பத்தில் ஏழெட்டு போருக்கு இதுதான் கதை. வைத்தியமும் சுலபம். மோட்டாரைச் சின்னதாக்குங்கள். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓட்டாமல், அரை அரை மணியாக நாலு தடவை, நடுவில் நல்ல இடைவெளி விட்டு ஓட்டுங்கள். மோட்டார் அடிவரை இறங்கியிருந்தால் மேலே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். இடம் இருந்தால் மனையின் இன்னொரு மூலையில், அனுமதி வாங்கி, ஆழமில்லாத உறைக்கிணறு ஒன்று போட்டு, இரண்டிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சமாக எடுங்கள். ஒரே இடத்தில் ஆழமாக உறிஞ்சுவதைவிட, பல இடத்தில் மேலாக எடுப்பதுதான் மணல் பூமிக்கு ஏற்றது.

நான்கு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே எண் காட்டினால்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தவற விட்டுவிட்டுக் கடலின் மேல் பழியைப் போடுகிறார்கள்.

பக்கத்து மனை, எதிர் மனை போர்களிலும் அளந்து பாருங்கள். கடலுக்கு இன்னும் கிட்டே இருக்கிற வீட்டில் 800, உங்கள் போரில் மட்டும் 2,300 என்றால், உப்பு பெரும்பாலும் கடலிலிருந்து வரவில்லை. உங்கள் மனைக்குள்ளேயே யாரோ கொட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும். பெசன்ட் நகரில் ஒரு கட்டடத்துக்குப் போயிருந்தேன். போர் அறைக்குப் பக்கத்தில் வாட்டர் சாஃப்ட்னர் நீல நிறத்தில் நின்றது. அதன் காலடியில் மூன்று உப்பு மூட்டைகள், ஒன்று பாதி பிரித்தது. சாஃப்ட்னரைக் கழுவிவிடும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரு சாம்பல் நிற பைப் சுவரோரமாக ஓடி, செம்பருத்திச் செடிக்குப் பின்னால், மழைநீர் இறங்கும் உறைக்கிணற்றின் மூடிக்குள் நுழைந்திருந்தது. மூடியைத் திறந்தால் உறையின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. இருபதடி தள்ளி அவர்கள் போர்.

சாஃப்ட்னர் தண்ணீரின் கடினத்தை, அதாவது சோப்பு நுரைக்கவிடாத சுண்ணாம்புச் சத்தை, தான் பிடித்துவைத்துக்கொண்டு மென்மையாக்கித் தருகிறது. பிடித்துவைத்ததைக் கழுவ, சில நாளைக்கு ஒரு தடவை அதற்குள் உப்புக் கரைசலை விட வேண்டும். கழுவி வருகிற தண்ணீரில் போட்ட உப்பும், பிடித்த கடினமும் சேர்ந்தே வெளியேறும். அந்தக் கட்டடத்தில் வாரத்துக்கு 100 கிலோ உப்பு போட்டார்கள். 100 கிலோ உப்பு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் கலந்தால் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் ஏறும். இது ஒரு வாரத்துக் கணக்கு. அதாவது, தண்ணீர் கடினமாக இருக்கிறதென்று சாஃப்ட்னர் வைத்தார்கள், கழிவை நிலத்தில் விட்டதால் தண்ணீர் இன்னும் கடினமானது, அதற்காக இன்னும் அதிக உப்பு போட்டார்கள். அப்படியே மூன்று வருஷம். மெஷின் விற்ற கம்பெனியின் ஆள் மாதா மாதம் சர்வீஸுக்கு வந்திருக்கிறார். அந்த பைப்பை இணைத்தவரே அவர்தான். மழைநீர்க் குழி காலியாக இருந்தது, கிட்டே இருந்தது, இணைத்துவிட்டார். பைப்பைக் கழிவுநீர்க் குழாய்க்கு மாற்றினார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு தடவை கழிந்த பிறகு போர் தண்ணீர் மறுபடி ஆயிரத்துக்குக் கீழே வந்தது.

பொதுவான ஆர்.ஓ. மெஷின் வைத்திருந்தால் அதன் கழிவு நீருக்கும் இதே விதி. ஒரு பக்கம் நல்ல தண்ணீரைப் பிரித்தால் மறு பக்கம் உப்பு கெட்டியாகச் சேரும். அதை "வீணாக்கக் கூடாது" என்ற நல்ல எண்ணத்தில் மழைநீர்க் குழியில் விடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

காந்தம் வைத்த பைப், கண்டிஷனர் என்று விற்க வருபவர்களைக் கேட்டிலேயே அனுப்பிவிடுங்கள். குழாயின் மேல் காந்தத்தைக் கட்டினால் தண்ணீரில் கரைந்த உப்பு எங்கும் போகாது. அவர் காட்டும் வீடியோவுக்குப் பதிலாக, உங்கள் மீட்டரை முன்பும் பின்பும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், கிளம்பிவிடுவார்.

மூன்று லட்சத்தைச் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் மழைக்குச் செலவழியுங்கள். அதில் பாதிகூட ஆகாது. உங்கள் மொட்டைமாடி 4,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. சிதறல், ஆவி எல்லாம் கழித்தாலும் நான்கு லட்சம் லிட்டருக்கு மேல் உங்கள் மாடியில் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் 34 லோடு. வாசல், கார் நிறுத்துமிடத்தில் விழுவது தனி. இந்த மணலுக்கு மூன்றடி விட்டத்தில், பன்னிரண்டு பதினைந்தடி ஆழத்தில் ஒரு உறைக்கிணறு போதும், ஊற்ற ஊற்றக் குடித்துவிடும். மாடியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பைப்பையும் அதில் சேருங்கள். உப்பை வெளியே இறைத்துத் தீர்க்க முடியாது. மேலேயிருந்து நல்ல தண்ணீரை இறக்கித்தான் கீழே தள்ள முடியும்.

உங்கள் பகுதிக்கு இது புதிதும் அல்ல. 1990-களிலேயே மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் சேகர் ராகவன் பக்கத்து பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய், மாடித் தண்ணீரை மண்ணுக்குள் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். 2003-ல் அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியது. அன்றைக்கு அவசர அவசரமாகக் கட்டிய குழிகளில் எத்தனையோ இன்று சேறு நிறைந்து, மேலே டைல்ஸ் பதித்துக் கிடக்கின்றன. கட்டட அனுமதி நேரத்தில் ஒரு பைப் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி, அதில் தண்ணீர் இறங்குகிறதா என்று எந்த அதிகாரியும் ஒரு வாளி ஊற்றிப் பார்ப்பதில்லை. அப்புறம் தெருவைப் பாருங்கள். மணல் தெருவெல்லாம் சிமென்ட் ஆகிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணல் தெருக்களில் மழைநீர் வடிகால் போட வந்தபோது, இங்கே தண்ணீர் தானாக இறங்குகிறதே, இதற்கு எதற்கு வடிகால் என்று குடியிருப்போர் சங்கங்களே எதிர்த்து நின்றன, பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போனது. மழையைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடல்நீரை நெம்மேலியில் காசு செலவழித்துக் குடிநீராக்கித் திருப்பி நம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 2019 கோடையில் லாரிக்கு முன்னால் குடத்தோடு நின்ற வரிசையை இத்தனை சீக்கிரம் எப்படி மறந்தார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

குடிப்பதற்கு இந்தப் போர் தண்ணீரை இப்போதைக்கு வேண்டாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற ஆய்வகத்தில் குளோரைடும் கடினத்தன்மையும் பார்க்கக் கொடுங்கள். ஏஜென்ட் தானே எடுத்துப் போய் டெஸ்ட் பண்ணித் தருகிறேன் என்றால் பாட்டிலைக் கையில் கொடுக்காதீர்கள்.

கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் இரண்டு வேலை. நான்கு பாட்டில் சோதனை ஒன்று. உங்கள் கட்டடத்தில் சாஃப்ட்னர் இருந்தால், வாட்ச்மேனிடம் உப்பு மூட்டை மாதத்துக்கு எத்தனை இறங்குகிறது, அதன் கழிவு பைப் எங்கே போய் முடிகிறது என்று கேட்டு, கூடவே நடந்துபோய் மூடியைத் திறந்து பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். பக்கத்து வீட்டு எண்களையும் சேர்த்து அனுப்பினால், எந்த மூலையில் உறைக்கிணறு போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.