உலக ராலி சாம்பியன்ஷிப்பில் (சாலைகளில் நேரம் பார்த்து ஓட்டும் கார் பந்தயம்) ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின்சார மோட்டாரும், கொண்டுவந்ததே கார் கம்பெனிகளைத் தக்கவைக்கத்தான் என்றார்கள். அப்படியென்றால் மூன்றே வருடத்தில் ஏன் தூக்கினார்கள்?

இருந்தவர்களைக் கொஞ்ச நாள் கட்டிப்போட்டது, புதிதாக ஒருவரையும் கூட்டிவரவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் காரணம். பேட்டரி, எடை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பந்தயத்தை நடத்தும் உலக அமைப்பான எஃப்ஐஏ இதை ஏன் ஆரம்பித்தது என்று புரிய வேண்டுமானால் பழைய காயங்களைப் பார்க்க வேண்டும். 2008 டிசம்பரில் சுசூகியும் சுபாருவும் அடுத்தடுத்த நாளில் மூட்டை கட்டின. சுபாருவின் நீலக் கார், தங்க நிறச் சக்கரம், அந்தச் சத்தம், எல்லாம் ஒரே அறிக்கையில் முடிந்துபோனது (எனக்கு இன்னும் ஆறவில்லை, விடுங்கள்). 2016-இல் வோக்ஸ்வாகன் இன்னும் மோசம். 2013 முதல் நாலு வருடம் ஓட்டுநர் பட்டம், தயாரிப்பாளர் பட்டம் இரண்டையும் அள்ளிய கம்பெனி, 2017 விதிகளுக்கான புது போலோவைக்கூடக் கட்டிச் சோதித்துவிட்டு, டீசல் மோசடி விவகாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டதும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. 2019 கடைசியில் அதன் முக்கிய ஓட்டுநர் ஓஜியே விலகியதும் சிட்ரோயனும் கிளம்பியது. மிச்சம் டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு. அதிலும் ஃபோர்டு என்று சொல்வது பாதிதான் உண்மை, காரைக் கட்டி ஓட்டுவது இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் இருக்கும் எம்-ஸ்போர்ட் என்ற தனியார் நிறுவனம், ஃபோர்டு பக்கத்துணை.

இந்த நிலையில் கம்பெனி போர்டு மீட்டிங்கில் வரும் கேள்வி ஒன்றுதான்: ஷோரூமில் எலக்ட்ரிக், ஹைபிரிட் என்று கூவி விற்கிறோம், பந்தயத்தில் மட்டும் வெறும் பெட்ரோல் காருக்கு எதற்குக் காசு? அந்தக் கேள்விக்கு எழுதிய பதில்தான் 2022-இல் வந்த ராலி1 (உச்சப் பிரிவு) விதிகள். 2021 மே மாதம் மூன்று பேரும் மூன்று வருடத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். இந்த மூன்று வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், பழைய 1.6 லிட்டர் டர்போ இன்ஜின் அப்படியே, கூடவே 100 கிலோவாட் மோட்டார், 3.9 கிலோவாட்-அவர் பேட்டரி. இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது 500 குதிரைத்திறனுக்கு மேல், ஆனால் சில நொடிகளுக்கு மட்டும். பிரேக் பிடித்துச் சக்தியைத் திரும்பச் சேர்த்தால்தான் அடுத்த முறை அந்த உந்துதல் கிடைக்கும். சர்வீஸ் பார்க்கிலும் (அணிகள் காரைப் பழுதுபார்க்கும் இடம்) சில ஊர்களுக்குள்ளும் சத்தமே இல்லாமல் மின்சாரத்தில் ஊர்ந்து போக வேண்டும், ராலி கார் அப்படி நைஸாக நழுவிப் போவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் ஆக்டிவ் சென்டர் டிஃபரன்ஷியலை எடுத்தார்கள், கியர் மாற்ற ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த பேடிலை எடுத்துவிட்டுப் பழையபடி கியர் லீவர் வைத்தார்கள். ஒரு பக்கம் மிச்சம் பிடித்து இன்னொரு பக்கம் ஹைபிரிட்டில் கொட்டினார்கள்.

முதல் ராலி, 2022 மான்டி கார்லோ. இத்தனை புதுத் தொழில்நுட்பத்தை இறக்கிவிட்டு, ஜெயித்தது யார் தெரியுமா? எப்போதாவது வந்து ஓட்டும் 47 வயது பழைய சாம்பியன் லோப், பக்கத்தில் வழி சொல்லும் கோ-டிரைவராகப் பள்ளி ஆசிரியை இசபெல் கால்மிஷ். முன்னணியில் இருந்த ஓஜியேவுக்குக் கடைசிக்கு முந்தைய ஸ்டேஜில் (நேரம் கணக்கிடும் சாலைப் பகுதி) பஞ்சர், வித்தியாசம் 10.5 நொடி. விதியை எழுதியவர்கள் விளம்பரத்துக்கு இப்படி ஒரு கதையைக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அடுத்த மாதமே ஸ்வீடனில் மறுபக்கம் தெரிந்தது. இந்தக் கார்களில் மின்சார ஆபத்தைக் காட்டும் ஒரு விளக்கு உண்டு, பச்சை என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் யாரும் தொடக் கூடாது. ஓட்டுநர் தானாக்கின் ஹூண்டாயில் ஹைபிரிட் எச்சரிக்கை வந்தது, நிறுத்திவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. கார் கவிழ்ந்தால் கூட்டம் ஓடிவந்து நிமிர்த்திவிடும், பள்ளத்தில் விழுந்தால் தோள் கொடுத்துத் தூக்கிவிடும் விளையாட்டு இது. அங்கே போய் ‘சிவப்பு விளக்கு, விலகி நில்’ என்றால் எப்படி? இன்னொன்று, அந்த ஹைபிரிட் பெட்டி எல்லா அணிக்கும் பொதுவான, சீல் வைத்த பெட்டி. சாலையோரம் கல்லையும் கயிற்றையும் வைத்தே காரைப் பிழைக்கவைக்கும் ஆட்களால் அதைத் திறந்துகூடப் பார்க்க முடியாது.

போட்டி மோசமில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். 2022-இல் 13 ராலியில் டொயோட்டா 7, ஹூண்டாய் 5, ஃபோர்டு 1. ஆனால் நாலாவது கம்பெனி? மூன்று வருடமும் வரவே இல்லை.

அப்புறம் 2024-இல் நடந்தது ஒரு கூத்து. பிப்ரவரியில் எஃப்ஐஏ ‘அடுத்த வருடம் ஹைபிரிட் கிடையாது’ என்றது. மூன்று அணிகளும் சேர்ந்து எதிர்த்துக் கடிதம் எழுதின. ஹைபிரிட் மேல் பாசம் என்று நான் நினைக்கவில்லை, காசு போட்டவனிடம் பத்து மாதத்தில் ஆட்டத்தை மாற்றுகிறேன் என்றால் யாருக்கும் கோபம் வரும். ஜூனில் எஃப்ஐஏ பின்வாங்கியது. நவம்பரில், அணிகளும் சம்மதித்து, ஹைபிரிட்டை எடுத்தே விட்டார்கள். ஒப்பந்தம் மூன்று வருடம், ஹைபிரிட்டின் ஆயுளும் மூன்று வருடம். 2025 காரின் குறைந்தபட்ச எடை 1,260 கிலோவிலிருந்து 1,180 ஆனது, சக்தி கொஞ்சம் குறைய இன்ஜினுக்குக் காற்று போகும் துளையை 36 மில்லிமீட்டரிலிருந்து 35 ஆக்கினார்கள், அவ்வளவுதான் சடங்கு.

2027 விதிகளைப் பார்த்தால் யோசனையே தலைகீழாகியிருக்கிறது. காருக்கு 3,45,000 யூரோ விலை வரம்பு, பெரிய கம்பெனி இல்லாத தனி நிறுவனமும் சொந்தமாகக் கார் கட்டலாம். கம்பெனிகளை நம்பியே இருந்தால் ஆகாது என்று எஃப்ஐஏவே எழுதிக் கொடுத்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

இதற்கு நடுவில் 10 தயாரிப்பாளர் பட்டம் வாங்கிய இத்தாலியக் கம்பெனி லான்சியா, 2026-க்குத் திரும்பி வருகிறேன் என்று அறிவித்தது. தேர்ந்தெடுத்தது ராலி2 பிரிவை. ஹைபிரிட் பக்கமே போகாத, ஒரு படி கீழே உள்ள, மலிவான பிரிவு.