தோட்டக் குளத்தில் தண்ணீர் நிற்கவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பத்தடிக்கு ஆறடி தாமரைக் குளம். சித்திரை வெயிலில் தினமும் ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது. ஓட்டையா, வெயில்தானா?

உங்கள் குளத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 55 லிட்டர், அதாவது நாலைந்து குடம். மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் கோடையில் நம் ஊர் வெயிலுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். காற்றடித்தால் இன்னும் கூடும். ஊகிக்க வேண்டாம், பக்கெட் வைத்துப் பாருங்கள்.

குளத்துக்குள் இரண்டு செங்கல் போட்டு அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை நிறுத்துங்கள். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாக இருக்கும்படி குளத்துத் தண்ணீரையே அதில் ஊற்றுங்கள். பக்கெட்டின் உட்புறம் ஒரு கோடு, வெளிப்புறம் ஒரு கோடு. அழியாத மார்க்கரால் போடுங்கள். பம்பை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் கழித்து அளக்கவும். பக்கெட்டில் 7 மி.மீ., குளத்தில் 10 மி.மீ. குறைந்திருந்தால் மிச்சம் 3 மி.மீ., ஏறக்குறைய 17 லிட்டர், வேறு வழியில் போகிறது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக் கடப்பாரையைத் தூக்காதீர்கள். தாமரை இலையும் தண்ணீர் குடிக்கும்.

செயற்கை அருவி ஓடும் நாளில் மட்டும் குறைகிறது. பம்பை நிறுத்தினால் நின்றுவிடுகிறது.

அப்படியானால் குளத்தின் அடி நன்றாக இருக்கிறது, அதைத் தோண்டாதீர்கள். பம்ப் போட்டதும் மட்டம் கொஞ்சம் இறங்கி, நிறுத்தியதும் பழையபடி ஏறினால் அது இழப்பே அல்ல. அந்தத் தண்ணீர் அருவியிலும் ஓடையிலும் நின்றிருந்தது, அவ்வளவுதான்.

ஏறாவிட்டால், ஹோஸை அருவியிலிருந்து கழற்றி நேராகக் குளத்துக்குள் விட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். குறைவது நின்றால் குற்றவாளி அருவி. பெரும்பாலும் ஓடை ஓரத்தில் மண் அமுங்கி, அடியில் விரித்த நீர்புகா ஷீட்டின் விளிம்பு ஓரிடத்தில் அரை அங்குலம் தாழ்ந்திருக்கும். அல்லது பாசி அடைத்து, தண்ணீர் எதிர்த்து ஏறி வழியும். கற்களை எடுத்து, விளிம்புக்கடியில் மண் திணித்து உயர்த்தினால் போதும். கல்லில் பட்டுத் தெறிக்கும் தண்ணீரையும் பாருங்கள்: சுற்றிலும் தரை காயாமல் இருந்தால் கல்லைத் திருப்பி வையுங்கள். ஹோஸை மாற்றிய பிறகும் குறைந்தால், குளத்துக்கு வெளியேயுள்ள கிளாம்ப், புதைத்த ஹோஸின் இணைப்பு என்று வரிசையாகத் தேடுங்கள்.

எதைச் செய்தாலும் முதலில் பம்பைக் குளத்தின் அடியிலிருந்து ஒரு அடி உயர்த்தி வையுங்கள். இரவில் பம்புக்கு எட்டும் தண்ணீர் முழுதும் அருவி வழியாக வெளியே போனாலும், மீன்களுக்கு அந்த ஒரு அடியாவது மிஞ்சும்.

பம்ப் ஓடவில்லை, ஆனாலும் இறங்கி, இரண்டடி ஆழத்தில் வந்து நின்றுவிடுகிறது. ஷீட் போட்ட குளம்.

நல்ல செய்தி: ஓட்டை அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. மீன்களைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, மட்டம் நின்ற இடத்துக்கு மேலும் கீழும் ஓரிரு அங்குலம் ஷீட்டைத் தடவிப் பாருங்கள், மடிப்புகளை விரித்து. சந்தேகமுள்ள இடத்தில் மருந்து ஊசிக்குழலால் சில துளி பாலை மெதுவாக விடுங்கள். அசையாத தண்ணீரில் வெள்ளைக் கோடு ஒரு பக்கம் இழுபட்டால் அங்கேதான். துளிகள் போதும், டம்ளர் கணக்கில் ஊற்றினால் தண்ணீர் கெடும்.

எந்த ஒட்டு என்பது ஷீட்டின் வகையைப் பொறுத்தது. ரப்பர் போல் இழுபடும் இபிடிஎம் ஷீட்டுக்கு, அதற்கான பிரைமரும் ஒட்டுப்பட்டையும் உண்டு. ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 அங்குலம் வரும்படி வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள், கூர்முனைதான் முதலில் பெயரும். சோப்பு போட்டுத் தேய்த்து, முழுதும் காய்ந்த பிறகே ஒட்டவும். பிவிசி ஷீட்டுக்குப் பிவிசி பசை. நீலத் தார்ப்பாய் பாலிஎத்திலீன். சாதாரணப் பசை எதுவும் அதில் நிற்காது. பியூட்டைல் டேப் சில நாள் தாங்கும், பிறகு மாற்றத்தான் வேண்டும்.

ஒட்டும் முன் அடியில் கையை விட்டுப் பாருங்கள். பெருச்சாளி வளையோ கூர்க்கல்லோ இருந்தால், அடுத்த ஓட்டை பக்கத்திலேயே வரும்.

சிமெண்ட் தொட்டியில் விரிசல். எபாக்ஸி புட்டி வைத்தேன், ஒரே மாதத்தில் பெயர்ந்துவிட்டது.

பாசி படிந்த ஈரப்பரப்பில் மேலாகப் பூசினால் அப்படித்தான் ஆகும். விரிசலை நெடுக அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழத்துக்கு உளியால் கொத்தி, தூசியைக் கழுவி, சுருங்காத சிமெண்ட் கலவையை அழுத்தி அடையுங்கள். அதன்மேல் இரு பொருள் கலக்கும் பாலிமர் சிமெண்ட் பூச்சு இரண்டு கோட்டு. முதல் கோட்டு நெடுக்கில், இரண்டாவது குறுக்கில். அரச மரக் கன்று வேரோடிய விரிசல் என்றால் வேரை எடுக்காமல் எந்தப் பூச்சும் பலிக்காது.

பூச்சு இறுகியதும் மீனை விட்டுவிடாதீர்கள். புதுச் சிமெண்டின் காரம் மீனைக் கொல்லும். நிரப்பி மூன்று நாள் வைத்து வடிப்பதை மூன்று முறை செய்து, தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 8.5-க்குக் கீழே இருக்கிறதா என்று சோதனைத்தாளில் பாருங்கள். வாழைத்தண்டு போட்டு ஊற வைக்கும் பழக்கமும் உண்டு. அதைச் செய்தாலும் சோதனைத்தாளை விடாதீர்கள்.

குளத்தோரப் புல் மட்டும் எப்போதும் பச்சையாக இருக்கிறது. விரிசல் எதுவும் தெரியவில்லை.

விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல் கரை மண் தண்ணீரை இழுக்கிறது. ஷீட்டின் விளிம்பை மண்ணுக்கு மேலே ஓரிரு அங்குலம் நிமிர்த்தி, புல் வேர் தண்ணீரைத் தொடாதபடி வெட்டிவிடுங்கள்.

ஃபுளோட் வால்வு வைத்திருக்கிறேன், மட்டம் குறைவதே இல்லை. மோட்டார்தான் அடிக்கடி ஓடுகிறது.

மட்டம் இறங்கியதும் வால்வு தானே திறந்து நிரப்பிவிடுவதால் கசிவு மறைகிறது. அதை மூடிவிட்டு, முதல் பதிலில் உள்ள பக்கெட் சோதனையைச் செய்யுங்கள்.