புட்டியின் பதமும் விண்கலத்தின் மேல்தோலும்

கேள்வி: பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி 40 செ.மீ. நீளத்தில் ஒரு விண்கலம் சொந்தமாகக் கட்டியிருக்கிறேன். 1/350 ஸ்கேல், அதாவது நிஜ அளவில் 350-இல் ஒரு பங்கு. உடல் நன்றாகவே வந்தது. அதன்மேல் எபாக்சி புட்டி (இரண்டு பகுதிகளைப் பிசைந்தால் இறுகும் களிம்பு) பூசி, பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் கோடுகள்), காற்றுத் திறப்புகள், குழாய்கள் எல்லாவற்றையும் செதுக்கப் பார்த்தேன். விளிம்புகள் மழுங்கிவிட்டன, கோடுகள் நெளிந்துவிட்டன. பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கிறது. எந்தப் புட்டி வாங்கலாம், எந்தக் கருவி வேண்டும்?

பதில்: புதிதாக எதையும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் புட்டியையே வேறு நேரத்தில் தொட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அது மெத்தென்று இருக்கும்போதே எல்லா வேலையையும் முடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். அந்த நிலையில் கூரான விளிம்பு நிற்காது. கருவி போன வழியில் இரண்டு பக்கமும் கரை எழும்பும். கரையை அமுக்கினால் கோடு மூடிக்கொள்ளும், மறுபடி கீறினால் அகலமாகிவிடும். எத்தனை விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

எபாக்சி புட்டி காய்வதில்லை, இறுகுகிறது. அதன் இரண்டு பகுதிகளான ரெசினும் ஹார்டனரும் கலந்ததும் வேதிவினை தொடங்கிவிடும். அறை வெப்பமாக இருந்தால் வேகமாக இறுகும், குளிர்ச்சியாக இருந்தால் மெதுவாக. அதனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். பிசைந்த கலவையில் மிளகளவு ஒரு உருண்டையை எடுத்து மாடலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். பதம் பார்க்க வேண்டிய ஒவ்வொரு முறையும் அந்த உருண்டையை நகத்தால் அழுத்துங்கள், மாடலைத் தொடாதீர்கள். நகம் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் மொத்த உருவம் கொடுக்கும் நேரம்தான். ஒட்டாமல் தடம் மட்டும் பதிந்தால் அச்சு அமுக்கும் நேரம்: மழுக்கிய ஊசிக்குழாயால் வட்டத் தடம், ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பால் காற்றுத் திறப்பின் வரிசைக் கோடுகள். நகம் லேசாகத்தான் இறங்குகிறது, சோப்புக் கட்டி மாதிரி இருக்கிறது என்றால் பிளேடை எடுங்கள். இந்தப் பதத்தில் வெட்டினால் விளிம்பு சுத்தமாக வரும், சீவல் தனியாக உதிரும். நகமே இறங்கவில்லை என்றால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். உப்புத்தாள் தேய்ப்பதும் கோடு கீறுவதும் மறுநாள் வேலை.

எந்தப் புட்டி என்று கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். மில்லிபுட் போன்றவை கல் மாதிரி இறுகும், தேய்க்கலாம், கீறலாம், ஈர விரலால் வழவழப்பாக்கலாம். கலத்தின் உடலுக்கு அதுவே சரி. நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாகும் புட்டி இறுகிய பிறகும் ரப்பர் மாதிரி கொஞ்சம் வளையும். வளைந்து போகும் குழாய், கேபிளுக்கு அருமையாக இருக்கும், ஆனால் உப்புத்தாளில் நன்றாகத் தேயாது. அதில் பேனல் கோடு கீற முயன்றால் விளிம்பு பிசிறும். கருவி ஒட்டாமலிருக்கத் தண்ணீர் போதும். வாஸ்லின் தடவினால் பெயின்ட் அடிக்கும் முன் சோப்பு நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். பிசையும்போது கையுறை கட்டாயம். இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும், ஒருமுறை வந்தால் திரும்பத் திரும்ப வரும்.

இப்போது பொம்மை மாதிரி தெரிவதற்கான இன்னொரு காரணத்துக்கு வருவோம், என் கணிப்பில் இதுதான் பெரியது. உங்கள் கலம் 1/350 என்றால் நிஜத்தில் 140 மீட்டர் நீளம். அதில் நிற்கும் ஆள் மாடலில் 5 மி.மீ. உயரம். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்றால் மாடலில் சுமார் 8.5 மி.மீ. நெளிந்துபோன கோடு ஒன்றின்மேல் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 0.8 மி.மீ. அகலம் இருந்தால், நிஜக் கலத்தில் அது 28 செ.மீ. பள்ளம். தகடும் தகடும் சேரும் இடத்தில் காலே உள்ளே போகிற இடைவெளி யாரும் விடமாட்டார்கள். இது பார்ப்பவருக்குக் கணக்காகத் தெரியாது, ஆனால் இந்தப் பொருள் சின்னது என்று கண் உடனே சொல்லிவிடும். 0.15, 0.2 மி.மீ. அகல ஸ்க்ரைபர்கள், அதாவது கோடு கீறும் கருவிகள், கிடைக்கின்றன. 0.2 மி.மீ. கூட நிஜ அளவில் 7 செ.மீ. ஆகிறது, இருந்தாலும் கண்ணுக்குத் தெரிய அவ்வளவாவது வேண்டும். இதைவிட அகலமான கோடு ஹேங்கர் கதவு மாதிரி உண்மையில் திறக்கும் இடங்களுக்கு மட்டும்.

1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் தொடக்கத்தில் திரையை மூடிக்கொண்டு வரும் அந்தப் பெரும் கப்பலின் மாடல் ஏறத்தாழ 91 செ.மீ. நீளம்தான். கதையில் அது 1,600 மீட்டர். மேலே ஒட்டியவற்றில் நிறைய, கடையில் விற்ற டாங்கி, கப்பல், விமான மாடல் கிட்களின் உதிரிகள். நுணுக்கங்கள் பொடியாக, அளவு மாறாமல், கூராக இருந்ததால் அந்தப் பிரம்மாண்டம் வந்தது. அதில் செதுக்கியதைவிட ஒட்டியது அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

சரி, கோடு கீறும் வேலை. புட்டியும் ஸ்டைரீனும் (உங்கள் பிளாஸ்டிக் ஷீட்) சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் கோடு நெளிகிறது. இரண்டுக்கும் கடினம் வேறு. ஸ்க்ரைபர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது மெத்தான பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்கேலை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அந்த ஒரு மில்லிமீட்டரில் இழுத்துவிடும். அதனால் கோடு எங்கே போகப்போகிறது என்பதை உடல் கட்டும்போதே முடிவு செய்து, புட்டி முடியும் இடத்திலேயே பேனல் முடிகிற மாதிரி அமைப்பது நல்லது. இல்லையென்றால் அந்த இணைப்பை சூப்பர் க்ளூவால் நிரப்பித் தேய்த்துவிட்டுக் கீறுங்கள். ஆனால் சூப்பர் க்ளூ நேரம் ஆக ஆக ஸ்டைரீனைவிடக் கடினமாகும். நிரப்பிய அன்றே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துக் கீறிவிடுங்கள்.

வழிகாட்டியாக மாஸ்கிங் டேப் வைக்காதீர்கள், அது மெல்லியது, முனை அதன்மேல் ஏறிவிடும். எழுத்து பொறிக்கும் டைமோ டேப் தடிமனானது, வளைந்த பரப்பிலும் விளிம்பு நேராக நிற்கும். முதல் மூன்று இழுப்பில் கையின் அழுத்தமே கூடாது, கருவியின் எடை மட்டும் போதும். அந்த மூன்றும் தடம் போடத்தான். தடம் விழுந்தபின் முனை தானாக அதிலேயே ஓடும், நான்காவதிலிருந்து கொஞ்சம் அழுத்தலாம். எட்டு, பத்து இழுப்பில் ஆழம் கிடைத்துவிடும். முனை மூலையைத் தாண்டி ஓடாமல் இருக்க, அங்கே முதலில் ஊசியால் ஒரு சின்னக் குழி போட்டுவிட்டு, இரண்டு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி இழுங்கள். ஸ்க்ரைபர் இல்லையென்றால் கட்டர் பிளேடின் முதுகுப் பக்கத்து முனை போதும். அது பிளாஸ்டிக்கைச் சுருளாகச் சீவி எடுக்கும். கூர்ப்பக்கத்தால் கீறினால் பிளந்து இரண்டு பக்கமும் கரை எழுப்பும், புட்டியில் பார்த்தீர்களே, அதே கதை. கீறிய பிறகு பழைய டூத் பிரஷால் தூசியை எடுத்து, 1000-ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒருமுறை தடவுங்கள். ஈரத்தில் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறாது. ஸ்டைரீனில் மட்டும், மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்ட்டை (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) தொட்டும் தொடாமலும் கோட்டில் ஓடவிட்டால் பிசிறு கரைந்து வழவழப்பாகும். இறுகிய புட்டியில் சிமெண்ட்டால் பயனில்லை.

மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய எதையும் செதுக்க நினைக்காதீர்கள். 0.13 மி.மீ., 0.25 மி.மீ. ஸ்டைரீன் ஷீட்டைச் சின்னச் சின்னச் செவ்வகங்களாக வெட்டி ஒட்டுங்கள். உங்கள் ஸ்கேலில் 0.13 என்பது நாலரை செ.மீ. கவசத் தகடு, 0.25 என்பது கிட்டத்தட்ட 9 செ.மீ. இவ்வளவு மெல்லிய ஷீட்டில் சிமெண்ட்டை விளிம்பில் மட்டும் தொடுங்கள். நடுவில் ஊற்றினால் கரைப்பான் அடியில் சிக்கிக்கொண்டு சில நாளில் தகடு சுருங்கி அலையடிக்கும். குழாய்க்கு மெல்லிய செம்புக் கம்பி. ஜன்னல் என்றால் தளத்துக்குத் தளம் அந்த 8.5 மி.மீ. கணக்கு தவறக்கூடாது.

எங்கே நுணுக்கம் வேண்டும் என்று முடிவு செய்வது இன்னும் சுவையான வேலை. முழுப் பரப்பிலும் சமமாக அடைத்தால் கண்ணுக்கு நிற்க இடமில்லை. எஞ்சினைச் சுற்றி, டாக்கிங் துறையைச் சுற்றி, ஏதாவது பழுதுபார்க்க ஆட்கள் வந்துபோகும் இடத்தில் நெருக்கமாக வையுங்கள். நடுவில் பெரிய வெற்றுத் தகடுகளை அப்படியே விடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இது என்ன வேலை செய்கிறது என்று நீங்களே ஒரு பதில் வைத்திருங்கள். குழாய் ஒன்று கிளம்பினால் அது எங்கோ போய்ச் சேர வேண்டும்.

உங்கள் கலத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மழுங்கிய நுணுக்கங்களை 240 உப்புத்தாளில் சமமாகத் தேய்த்து, 400-இல் முடித்து, தட்டையான இடங்களில் 0.25 ஷீட்டை மேல்தோலாக ஒட்டி, அதில் கீறுங்கள். அடியில் புட்டி இருக்கும் இடங்களில் சூப்பர் க்ளூவால் ஒட்ட வேண்டும். வளைந்த இடங்களில் இறுகிய புட்டியே இருக்கட்டும், அதிலேயே கீறலாம். பாதி வேலையில் ஒருமுறை சாம்பல் நிற பிரைமரை மெல்லிசாக அடித்துப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக், வேறு நிறப் புட்டி, பழுப்பான க்ளூ எல்லாம் கலந்து கிடக்கும்போது எது பள்ளம், எது வெறும் நிற வித்தியாசம் என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஒரே நிறமானதும், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் தவறிய இடமெல்லாம் நிழலாகத் தெரியும். அவற்றைச் சரிசெய்துவிட்டு அப்புறம் மேலே போங்கள். பிரைமர் எப்போதும் மெல்லிசாகவே இருக்கட்டும், தடிமனாக அடித்தால் 0.15 மி.மீ. கோடு அதிலேயே நிரம்பிவிடும்.