சூரை மீனைப் பண்ணையில் வளர்த்து லாபம் பார்க்க முடியுமா?

கேள்வி: இறாலையும் சால்மனையும் வளர்ப்பதுபோல் சூரையையும் முட்டையிலிருந்து பண்ணையில் வளர்க்க முடியுமா? முடியும் என்றால் ஏன் இன்னும் பெரிய தொழிலாகவில்லை?

முட்டையிலிருந்து வளர்க்க முடியும். ஜப்பானின் கிண்டாய் பல்கலைக்கழகம் 2002-லேயே அதைச் செய்து காட்டிவிட்டது. ஆனால் இன்று "பண்ணைச் சூரை" என்று விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி கடலில் பிடித்துக் கூண்டில் கொழுக்க வைத்த மீன்தான். தொழில் வளராததற்குக் காரணம் முட்டை கிடைக்காதது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது பாதிக் காரணம்கூட இல்லை. மீனின் உடம்பும் அதன் பசியும்தான் தொழிலை இழுத்துப் பிடிக்கின்றன.

முதலில் கொழுக்க வைக்கும் முறை. தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் இதற்கு நல்ல உதாரணம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே இந்தத் தொழில் ஆரம்பித்தது. கோடையில் திறந்த கடலில் 2 முதல் 4 வயதுள்ள தென்னக நீலத்துடுப்புச் சூரைக் கூட்டத்தைச் சுருக்குமடி வலையால் வளைப்பார்கள். மீனை வெளியே எடுப்பதில்லை. வலையை இழுவைக் கூண்டோடு இணைத்து, தண்ணீருக்குள்ளேயே மீன்களை நீந்தி மாற வைப்பார்கள். பிறகு மணிக்கு ஒன்று, இரண்டு கடல் மைல் வேகத்தில் கூண்டைக் கரைப் பக்கம் இழுத்து வருவார்கள். வேகம் கூடினால் வலை உப்பிச் சுருங்கி மீன்கள் நசுங்கும், அதனால் இந்த நகர்வுக்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம்.

ஒரு கூண்டுக்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 40 மீட்டர் விட்டம், 8 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 10,000 கன மீட்டர் கொள்ளளவு. சூரைக்குக் கன மீட்டருக்கு 4 கிலோ என்பதே உச்சம். சால்மன் கூண்டில் இதைப்போல் பல மடங்கு அடைக்க முடியும். அறுவடை நாளில் அந்த உச்சத்தைத் தாண்டக் கூடாது என்றால் தலா 20 கிலோ எடையுள்ள மீன் 1,100 விடலாம். சில மாதங்களில் அவை 35 கிலோவை எட்டினால் கூண்டில் 38.5 டன் இருக்கும். கூடிய எடை 16.5 டன். ஒரு கிலோ எடை கூடுவதற்கு 12 கிலோ மத்தி என்று வைத்தால் சுமார் 200 டன் மத்தி தேவை. ஒரே கூண்டுக்கு இவ்வளவு.

"சால்மனுக்கு 1.2 கிலோ தீவனம் போதும், சூரைக்குப் பத்து மடங்கா?" என்று இதைக் கேட்டுப் பலர் அதிர்ச்சி அடைவார்கள். அந்த ஒப்பீடு சரியல்ல. சால்மனுக்குச் சொல்வது உலர் தீவனம், மத்தியிலோ 70 சதவீதம் தண்ணீர். உலர் கணக்கில் பார்த்தால் 12 கிலோ மத்தி 3.6 கிலோவுக்குச் சமம். அப்படியும் மூன்று மடங்கு.

இந்தப் பசி எங்கிருந்து வருகிறது? சூரையால் நின்றபடி மூச்சு விட முடியாது. வாயைத் திறந்துகொண்டு நீந்தினால்தான் செவுளுக்குள் தண்ணீர் பாயும், நின்றால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆக, வளர்ந்த சூரைக்குச் சாகும்வரை நீச்சல்தான். அதோடு, தசைகளுக்குப் போகும் நாளங்களும் அங்கிருந்து திரும்பும் நாளங்களும் பின்னிக்கிடப்பதால் தசைச் சூடு கடலுக்குள் வீணாகாமல் உடம்பிலேயே நிற்கிறது. சுற்றியுள்ள நீரைவிட உடம்பு பல டிகிரி சூடாக இருக்கும். தின்பதில் பெரும்பகுதி நீச்சலுக்கும் சூட்டுக்கும் போய், மிச்சம்தான் சதையாகிறது. கரைந்த ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும் தாங்காது. கூண்டை நெருக்கமாக நிரப்ப முடியாததற்கும் இதுவே காரணம்.

இப்போது முட்டைக்கு வருவோம். கிண்டாய் பல்கலைக்கழகம் 1970-ல் வக்கயாமா மாகாணத்தின் குஷிமோட்டோ பக்கம் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியது. 1979-ல் கூண்டிலேயே பசிபிக் நீலத்துடுப்புச் சூரை முட்டையிட்டது. பிறகு 1983 முதல் 11 ஆண்டுகள் ஒரு முட்டைகூட இல்லை. ஹிதேமி குமாய் தலைமையிலான குழு அந்தப் பதினோரு ஆண்டும் தாய்மீன்களுக்குத் தீனி போட்டுக் காத்திருந்தது. 1994-ல் மறுபடி முட்டை வந்தது, 2002-ல் பண்ணையில் பிறந்த மீனே முட்டையிட்டுச் சுழற்சி முழுமையானது. நீரின் வெப்பம் 24 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், தாய்மீனுக்கு 3 முதல் 5 வயதாக வேண்டும், வெளித்தோற்றத்தில் ஆண் பெண் தெரியாது. அதனால் பெரிய கூட்டமாக வைத்திருந்து, மிதக்கும் முட்டைகளை மேல்பரப்பில் மெல்லிய வலையால் அள்ளுவதுதான் வழி.

பொரித்த லார்வா, அதாவது இளம்புழு நிலை மீன்குஞ்சு, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன்பின் வரும் ஒரு மாதம்தான் இந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதி.

முதல் நாட்களில் லார்வா மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு சாகும். நீரின் மேற்பரப்பு இழுவிசையிலிருந்து விடுபட அதற்குப் பலம் இல்லை. மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டால் இந்தச் சாவு குறையும். ஆனால் சில நாட்களில் லார்வா மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கி, மிதக்க உதவும் காற்றுப்பையை நிரப்பியாக வேண்டும், அதே எண்ணெய்ப் படலம் அப்போது தடையாகிவிடும். ஆகவே சரியான நேரத்தில் படலத்தை வழித்தெடுக்க வேண்டும். காற்றுப்பை நிரம்பாத லார்வாவின் உடம்பு நீரைவிடக் கனம். பகலில் நீந்திச் சமாளிக்கும், இரவில் நீச்சல் ஓய்ந்ததும் அடியில் படிந்து சாகும். இதற்கு இரவிலும் விளக்கு எரிய விட்டு, அடியிலிருந்து நீரை மேலே தூக்கும்படி காற்றோட்டம் வைக்கிறார்கள். காற்றோட்டம் மிஞ்சினால் லார்வா அடிபடும்.

தீனி வரிசை ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரி, அடுத்து ஆர்ட்டீமியா என்ற சிற்றிறால் வகை என்று மற்ற மீன்களுக்குப் போலத்தான் தொடங்கும். ஆர்ட்டீமியாவிலேயே நிறுத்தினால் வளர்ச்சி நின்றுபோகும், சூரைக்கு வேண்டிய டிஎச்ஏ கொழுப்பு அமிலமும் டாரின் என்ற சத்தும் அதில் போதாது. ஏழெட்டு மில்லிமீட்டர் ஆனதும் சூரை லார்வா மீன்தின்னியாகிவிடுகிறது. அப்போது அதற்கு உயிருள்ள வேறு மீன் லார்வா போட வேண்டும். அதாவது சூரைக் குஞ்சு பொரிப்பகத்தின் பக்கத்திலேயே இன்னொரு மீனுக்கும் பொரிப்பகம் நடத்தி, அது பொரிக்கும் நாளும் இது பசிக்கும் நாளும் ஒன்றாக வரும்படி பார்க்க வேண்டும். இரண்டு நாள் பிசகினால் சில குஞ்சுகள் பெருத்து, சின்னதைத் தின்னத் தொடங்கும்.

ஒரு மாதத்தில் 5 சென்டிமீட்டர் ஆனதும் கடல் கூண்டுக்கு மாற்றுவார்கள். தோல் மெல்லியது, வலையில் அள்ளினால் உரிந்துவிடும். தண்ணீரோடு வாளியில் மொண்டுதான் மாற்ற வேண்டும். இதற்கும் பிறகு வரும் சாவு விசித்திரமானது. இளஞ்சூரைக்கு முன்னே பாயும் வால்பலம் சீக்கிரம் வந்துவிடுகிறது, திரும்பவும் நிற்கவும் உதவும் துடுப்புகள் பின்தங்குகின்றன. கரையில் ஒரு கார் விளக்கு பட்டாலோ மின்னல் வெட்டினாலோ மிரண்டு பாய்ந்து வலையில் மோதி முதுகெலும்பு முறியும். கூண்டின் மேல் இரவு முழுக்க விளக்கு எரிவது இந்த மிரட்சியைக் குறைக்கத்தான். கூண்டு பெரிதாக இருந்தாலும் மோதல் குறையும். எல்லாம் தாண்டித் தேறுபவை பொரித்ததில் சில சதவீதம்கூட இருப்பதில்லை.

நோய்களில் மோசமானது கார்டிகோலா என்ற இரத்தத் தட்டைப்புழு. அதன் முட்டைகள் செவுளின் நுண்நாளங்களை அடைத்துவிடும், ஆக்சிஜனுக்கு அலையும் மீனுக்கு அது மரண அடி. பிராசிகுவான்டெல் மருந்து வேலை செய்கிறது. புழுவின் இடைநிலை வாழ்வு கடலடிப் புழுக்களில் நடப்பதால், கூண்டை ஆழமான வெளிக்கடலுக்குத் தள்ளினாலே தொற்று குறைகிறது. ஆழத்துக்குப் போக இன்னொரு காரணமும் உண்டு. 1996 ஏப்ரலில் ஒரு புயலுக்குப் பிறகு போர்ட் லிங்கன் கூண்டுகளில் பெரும்பகுதி மீன்கள் சில நாட்களில் செத்தன. கிளம்பிய அடிச்சேறா, சாட்டோனெல்லா என்ற நச்சுப்பாசியா என்று விவாதம் நடந்தது. எதுவானாலும் ஆழங்குறைந்த இடம் ஆபத்து என்பது தெளிவானது.

அறுவடையில் ஒரு நிமிட அலட்சியம் பல மாத உழைப்பைக் கெடுத்துவிடும். துள்ளித் துடித்துச் செத்த சூரையின் உடல் சூடு ஏறி, லாக்டிக் அமிலம் சேர்ந்து, சதை வெளிறிப் போகும். ஜப்பானியச் சந்தையில் அதை வெந்த சதை என்று ஒதுக்கிவிடுவார்கள். பிடித்த உடனே மூளையில் ஆணி, முதுகுத்தண்டுக்குள் கம்பி, பக்கவாட்டுத் துடுப்புக்குப் பின்னால் கீறி இரத்தம் வடிப்பு, செவுளும் குடலும் நீக்கம், பிறகு கடல்நீரும் பனிக்கட்டியும் கலந்த தொட்டி. நடுச்சதை குளிரும்வரை எடுக்கக் கூடாது.

எதிர்காலம்? நான் முதலில் பார்ப்பது தீவனத்தைத்தான். முட்டையிலிருந்து வளர்த்தாலும் மத்தியும் கானாங்கெளுத்தியும் கொட்டினால் கடல் மீதான சுமை குறையாது. சாதாரண மீன்தூள் இதற்குச் சரியாகச் செரிப்பதில்லை, நொதியால் பதப்படுத்திய மீன்தூள் குஞ்சுகளுக்குப் பலன் தருகிறது. பெரிய மீன்கள் கடினமான குருணையைத் துப்பிவிடுவதால் மெத்தென்ற ஈரத் தீவனம் செய்கிறார்கள். இதில் வரும் முன்னேற்றமே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

இரண்டாவது, நிலத்துத் தொட்டியில் முட்டை. பனாமாவின் அச்சோட்டினெஸ் ஆய்வகத்தில் மஞ்சள்துடுப்புச் சூரை 1996 முதல் தொட்டியிலேயே முட்டையிடுகிறது. 2023-ல் ஸ்பெயினின் மசர்ரோன் மையம் அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையிலும் இதைச் சாதித்தது. ஒளியையும் வெப்பத்தையும் கையில் வைத்திருந்தால் பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டோக்கியோவில் கோரோ யோஷிசாக்கி என்ற ஆராய்ச்சியாளர், கானாங்கெளுத்தி வகை மீனை வாடகைத் தாயாக வைத்துச் சூரை முட்டை பெற முயல்கிறார். கைகூடினால் பிரம்மாண்டத் தாய்மீன்களைக் கட்டிக் காக்க வேண்டாம்.

எதிர்க்காற்றும் உண்டு. பிடிப்பு ஒதுக்கீடுகளைக் கறாராக்கியதால் கடலில் இயல்பாக வாழும் சூரை மீண்டு வருகிறது. அட்லாண்டிக் நீலத்துடுப்பை 2021-ல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் அழியும் பட்டியலிலிருந்து குறைந்த கவலைக்கு உரியதாக மாற்றியது. இது மனசார மகிழ வேண்டிய செய்தி. ஆனால் கடலில் மீன் பெருகும்போது, செலவு கூடிய பொரிப்பகக் குஞ்சுக்கு விலை கிடைப்பது கடினம்.

நம்மூரில் தொடங்கலாமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதே. நம் பக்கம் ஆயிரங்கால் தூண்டிலில் (நீண்ட கயிற்றில் ஏராளமான தூண்டில் முட்கள் தொங்கும்) சிக்கும் பெரிய சூரை மஞ்சள்துடுப்பு, அதற்கு நீலத்துடுப்பின் விலை கிடையாது. பாக் விரிகுடா இதற்கு ஆழம் போதாது. அந்தப் பணத்தைத் தூத்தூர், தூத்துக்குடி படகுகளில் மேலே சொன்ன ஆணி, கம்பி, பனித்தொட்டிக்குச் செலவழித்தால் பிடிக்கும் அதே மீனுக்கே கூடுதல் விலை வரும். கூண்டுதான் வைக்க வேண்டும் என்றால் கடல் விரால் இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-லேயே அதைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. ஏழெட்டு மாதத்தில் இரண்டரை, மூன்று கிலோ வரும், சூரைபோல் நிற்காமல் நீந்திச் சக்தியை எரிக்கும் மீனுமல்ல.