ஒன்பது லட்சம் அல்ஃபாசுட் எங்கே போயின?

அன்புள்ள ஐயா,

பக்கத்து வீட்டுக் கராஜில் 12 ஆண்டுகளாக நிற்கும் 1976 அல்ஃபாசுட் (அல்ஃபா ரோமியோவின் சிறிய கார்) சலூன் ஒன்று விலைக்கு வருகிறது. "எஞ்சின் ஓடும், பெயிண்ட் மட்டும் அடித்தால் போதும்" என்கிறார் உரிமையாளர். ஏறக்குறைய 9 லட்சம் கார்கள் செய்தார்களாம். தெருவில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே, ஏன்? இதை வாங்கலாமா?

ஒரு வாசகர், பாலெர்மோ

அன்புள்ள நண்பருக்கு,

"பெயிண்ட் மட்டும்" என்ற சொல்லுக்குத்தான் பயப்பட வேண்டும். அல்ஃபாசுட்டைக் கொன்றது எஞ்சின் அல்ல, பாடியில் பிடித்த துரு.

நேப்பிள்ஸ் அருகே பொமிலியானோ தார்கோ தொழிற்சாலையில் 1972 முதல் வெளிவந்த கார். பொறியியல் ருடால்ஃப் ஹ்ருஸ்கா, வடிவம் ஜுஜாரோ. துருவுக்குக் காரணம் மட்டமான ரஷ்ய இரும்பு என்ற பழைய கதையை இன்னும் சொல்வார்கள். அந்தக் கதையே வேண்டாம், வேறு காரணம் இருக்கிறது. பாடியின் உள்ளறைகளில் பிளாஸ்டிக் நுரையை நிரப்பினார்கள். உள்ளே புகுந்த ஈரத்தை அது பஞ்சுபோலப் பிடித்துவைத்துக்கொண்டது. துரு உள்ளிருந்து வெளியே வருவதால், பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்தகடு ஏற்கெனவே போயிருக்கும்.

விலை மலிவான கார் வேறு. டிங்கரிங் செலவு காரின் விலையைத் தாண்டியதும் காயலான் கடைதான். பத்து வயது கடந்த காரைக் கொடுத்துப் புதிது வாங்குவோருக்கு இத்தாலிய அரசு 1997இல் தந்த ஊக்கத்தொகை, தப்பிப் பிழைத்தவற்றிலும் பலவற்றை வாரிக்கொண்டு போனது.

போகும்போது துணி சுற்றிய காந்தம் ஒன்றையும் டார்ச்சையும் எடுத்துச் செல்லுங்கள். முன்கண்ணாடியின் இரு கீழ்மூலைகளில் ரப்பரை லேசாகத் தூக்கிப் பாருங்கள். தரைவிரிப்பைப் புரட்டி, அடித்தகடு கதவுக்கீழ்ச் சட்டத்தோடு சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பின்சக்கர வளைவிலும் கதவுக்கீழ்ச் சட்டத்திலும் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசிய பூச்சு. தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; நுரை இருப்பதால் நல்ல தகடும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

எஞ்சின் பற்றிக் கவலை குறைவு. சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் இதே பாக்ஸர் எஞ்சின் குடும்பம் அடுத்து வந்த அல்ஃபா 33 காரிலும் தொடர்ந்ததால் உதிரிபாகம் கிடைக்கும். டைமிங் பெல்ட் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. 12 ஆண்டு நின்ற காரில் இரண்டையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிரேக்தான் வில்லங்கம். முன் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸை ஒட்டி உள்ளே இருக்கின்றன. ஹேண்ட்பிரேக்கும் அங்கேதான் பிடிக்கும். கியர்பாக்ஸ் பக்கவாட்டு சீல் கசிந்தால் எண்ணெய் நேரே டிஸ்க்கில் விழும். நின்றே கிடந்தால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இறுகிவிடும். இதற்கு 33இன் பாகம் உதவாது, அதில் முன் டிஸ்க்குகளைச் சக்கரத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

பாடி திடமாக இருந்தால் எஞ்சின் ஓடாவிட்டாலும் வாங்குங்கள். பாடி பட்டியில் நின்றால், எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் விட்டுவிடுங்கள். வாங்கிவிட்டால் வெல்டிங் செய்பவரிடம் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: சட்டத்தை வெட்டித் திறந்து நுரையை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் நெருப்பு. இல்லையென்றால் நுரை உள்ளுக்குள்ளேயே பற்றிக்கொள்ளும், புகையும் நஞ்சு.